ஆறு மணி என்றால் ஆறு மணி: போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட விளையாட்டு அதிகாரிகளுக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும்,

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நீங்கள் நடத்தவிருக்கும் ட்ரையத்லன் போட்டியின் அறிவித்தலைப் பார்த்தேன். குளத்தில் 750 மீற்றர் நீச்சல், அடுத்து 20 கிலோமீற்றர் சைக்கிள், கடைசியாக 5 கிலோமீற்றர் ஓட்டம். தூரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஸ்பிரின்ட் ட்ரையத்லன் என்று உலகம் முழுக்க நடப்பது இதே அளவில்தான். அதற்குக் கீழே நிகழ்ச்சி நிரல் இருக்கிறது: காலை 7.00 மணிக்கு விருந்தினர் வரவேற்பு, 7.15க்கு மங்கள விளக்கேற்றல், பிறகு கொடியேற்றம், வரவேற்பு நடனம், உரைகள், 8.30க்குப் போட்டி ஆரம்பம். உரைகள் எத்தனை என்று போடவில்லை.

இந்த மடலை எழுத வைத்தது அந்த 8.30 தான். உங்கள் 8.30 எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கடந்த ஆவணியில் நடந்த வீதியோட்டத்தில் உங்கள் 6.00 மணி, 8.40க்கு வந்து சேர்ந்தது.

அன்று நடந்ததை நீங்கள் மேடையில் இருந்து பார்த்தீர்கள். நான் வீதியில் இருந்து பார்த்தேன். அதைப்பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு "தங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. கவனத்தில் எடுத்த பிறகும் புது அறிவித்தல் இப்படித்தான் இருக்கிறது என்பதால், இந்த மூன்றாவதை எல்லோரும் வாசிக்கட்டும் என்று வெளியில் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் ஓட்டத்தையும் சைக்கிளையும் தொழிலாகச் செய்பவள். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அடுத்த கேள்வி, "அது சரி பிள்ளை, வேலை என்ன செய்யிறாய்?" என்பதுதான். பரிசுப் பணம், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வரும் காசு, கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு தடவை அனுப்பும் உதவி, இந்த மூன்றிலும்தான் என் வீட்டு அடுப்பும் எரிகிறது, சைக்கிள் ரயரும் மாறுகிறது. இந்த நாட்டில் விளையாட்டைத் தொழிலாக்க வழமையான வழி முப்படைகளில் ஏதாவதொன்றின் அணியில் சேர்வது. சம்பளம், சைக்கிள், பயிற்சியாளர் எல்லாம் அங்கே உண்டு. வன்னியில் பிறந்த என் வயதுப் பெண் ஏன் அந்த வழியால் போகவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் விளக்கப் போவதில்லை.

ஓடப் பழகியது 2009 இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில். பத்து வயது. தண்ணீர் பவுசர் வரும் சத்தம் கேட்டால் வாளியோடு ஓடி முதல் ஆளாய் நிற்பேன். மீள்குடியேறி வந்தபோது வீதிக்கு இரண்டு பக்கமும் மிதிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். "தாரை விட்டு இறங்காதை" என்று அம்மா சொல்லிச் சொல்லியே நான் வீதியோட்டக்காரி ஆகிவிட்டேன் போலும். பிறகு அண்ணாவின் பழைய லுமாலா சைக்கிள். பிறகு வாய்க்காலில் பழகிய நீச்சல். இப்போது கிழமையில் மூன்று நாள் விடிய நாலரைக்குப் பரந்தனில் தொடங்கி, முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ35 வீதியால் முல்லைத்தீவுக் கரை வரை போய்த் திரும்புவேன். ஒரு பக்கம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று தள்ளிவிடும், திரும்பும்போது பிடித்து நிறுத்தும். இந்த வீதியையும் இந்த வெயிலையும் பற்றி நான் சொல்வதை உங்கள் கோப்பில் உள்ள எந்தத் தாளையும் விட நம்பலாம்.

சரி, ஆவணிக்கு வருகிறேன்.

6 மணிக்கு ஓட வேண்டுமென்றால் உடம்பு 3 மணிக்கே வேலையைத் தொடங்க வேண்டும். பாணும் சீனியும் இரண்டு கதலி வாழைப்பழமும் சாப்பிட்டேன். 5 மணிக்கு ஒரு பிளேன்ரீ. 5.30க்கு மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்கி, 5.50க்குக் கோட்டில் போய் நின்றேன். 6.15க்கு ஒலிபெருக்கி சொன்னது: "பிரதம விருந்தினர் புறப்பட்டுவிட்டார்." 7 மணிக்கு: "பாதி வழி வந்துவிட்டார்." 7.40க்கு: "இன்னும் சில நிமிடங்களில்." ஒவ்வொரு தடவையும் நாங்கள் எழும்பி, உடம்பைச் சூடாக்கி, மறுபடி குந்தினோம். பந்தல் விருந்தினருக்கும் கதிரைகளுக்கும் போட்டிருந்தது. எங்களுக்கு நிழல் என்று இருந்தது ஒரு வேப்ப மரம், அதன் கீழே நின்றது விருந்தினருக்குக் குளிர்பானம் வைத்த ரெஜிபோம் பெட்டி. பாடசாலைப் பிள்ளைகள் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தூரத்துக் கிராமங்களில் இருந்து லான்ட்மாஸ்டரில் ஏறி இருட்டில் வந்தவர்கள். பலர் சாப்பிடவில்லை. "ஓட முந்திச் சாப்பிட்டா வயித்துக்குள்ள குத்தும்" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தண்ணீரும் குடிக்கக் கூடாதாம். சிலருக்குக் காலில் சப்பாத்து இல்லை. 6 மணித் தாரில் வெறுங்காலோடு ஓடலாம், நானும் ஓடியிருக்கிறேன். 9 மணித் தாரில் கால் வைத்துப் பார்த்தவர் உங்களில் யாராவது இருக்கிறீர்களா?

8.40க்கு விசில் ஊதினார்கள். பெண்களுக்கு 10 கிலோமீற்றர். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் எங்களோடேயே. ஏழாவது கிலோமீற்றரில் நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குச் சற்று முன்னால், முதலாவதாகப் போனவள் ஒரு பாடசாலைப் பிள்ளை. பதினாறு வயது. நல்ல ஓட்டக்காரி, இப்போதும் சொல்கிறேன், இரண்டு வருடத்தில் என்னை வெல்வாள். அவளுடைய ஓட்டம் திடீரென்று கோணலானது. வீதியின் நடுவுக்குப் போனாள், ஓரத்துக்கு வந்தாள். கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன். தோல் கொதித்தது. "தங்கச்சி, பேர் என்ன?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து, "அக்கா, பஸ் போட்டுதோ?" என்றாள். அப்படியே சரிந்தாள்.

களைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் போட்டி நடத்தக் கூடாது என்பதற்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஓடும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் முக்கால் பங்கு வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. அதுவும் வழிந்து விழுந்தால் பிரயோசனமில்லை, ஆவியாக வேண்டும். காற்றில் ஈரப்பதன் கூடிய நாளில் வியர்வை ஆவியாவது குறையும், மேலே வெயில் ஏற ஏற உடம்பு வெளியில் இருந்தும் சூட்டை வாங்கும். உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, ஆளுக்குப் புத்தி தடுமாறினால் அதற்குப் பெயர் ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நனைந்த உடம்போடேயே வரும். அப்போது செய்ய வேண்டியது ஒன்று: ஐஸ் போட்ட தண்ணீருக்குள், அது இல்லாவிட்டால் கிடைக்கிற குளிர்ந்த தண்ணீருக்குள், கழுத்துவரை ஆளை இறக்குவது. முதல் அரை மணித்தியாலத்துக்குள். விளையாட்டு மருத்துவம் படித்தவர்கள் இதற்கு ஒரு ஒழுங்கு சொல்வார்கள்: முதலில் குளிரவை, பிறகு ஏற்றிப் போ. நம்மிடம் முதலில் ஏற்றத்தான் ஓடுகிறார்கள். அன்று ஏற்றவும் முடியவில்லை.

வீதியோரத்து வீடொன்றில் ஒரு அம்மா நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக் கேள்வி இல்லாமல் படலையைத் திறந்துவிட்டார். கிணற்றடியில் சீமெந்துத் தொட்டி. பிள்ளையை அதற்குள் படுக்க வைத்து, தலையை என் கையில் ஏந்திக்கொண்டேன். அம்மாவும் அவருடைய மகனும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றினார்கள். நாற்பது வாளி இருக்கும். அம்புலன்ஸுக்கு அழைப்பு எடுத்தால், அது மேடைக்குப் பின்னால் நிற்கிறதாம், முன்னால் விருந்தினரின் வாகனங்கள் நிற்பதால் வெளியே எடுக்க முடியவில்லையாம். சாரதிகள் எங்கே என்று தேடுகிறார்களாம். கடைசியில் அந்த வழியால் வந்த ஒரு ஹையேஸ் வானில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். "தொட்டிக்குள்ள போட்டதுதான் பிள்ளையைக் காப்பாத்தினது" என்று அங்கே இருந்த வைத்தியர் சொன்னார். அந்தக் கிணற்றடி அம்மாவுக்கு உங்கள் குழுவில் இருந்து ஒருவராவது போய் நன்றி சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம். நெல்லில் பாதி நனைந்து போயிருந்தது.

ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் இருந்தது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்றைய முடிவுப் பட்டியலில் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் பெயருக்கு நேரே "இடைவிலகியவர்" என்று போட்டிருந்தீர்கள். சட்டப்படி சரி. கனடாவில் உள்ள சங்கத்துக்காரர் "ஏன் விலகினனீங்கள்?" என்று கேட்டபோது விளக்க அரை மணித்தியாலம் எடுத்தது. அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அறிக்கையில் "போட்டி அசம்பாவிதம் ஏதுமின்றி இனிதே நிறைவுற்றது" என்று இருந்ததே, அதை யார் எழுதினார்கள்?

இதையெல்லாம் நேரில் சொன்னபோது உங்களில் மூத்த ஒருவர், "முந்தி நாங்கள் உச்சி வெயிலுக்கையும் ஓடினனாங்கள், ஒண்டும் நடக்கேல்லை" என்றார். ஐயா, நீங்கள் ஓடியதை மதிக்கிறேன். ஏதும் நேர்ந்தவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அதற்குப் பிறகும் இந்த நாட்டில் பிள்ளைகளை வெயிலில் காக்க வைத்து ஓட விடுகிறோம் என்றால் வேறென்ன சொல்ல?

பெரிய இடங்களிலும் பிழை விடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 2019 இல் டோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவுக்கு வைத்தார்கள். அப்படியிருந்தும் சூடும் ஈரமும் தாங்காமல், தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரிகள் அவர்கள், அதுவும் இரவில். அதைப் பார்த்துத்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனை, டோக்கியோவிலேயே வைக்காமல், வடக்கே சுமார் 800 கிலோமீற்றர் தள்ளியிருந்த சப்போரோவுக்கு மாற்றினார்கள். பெண்கள் ஓட்டத்துக்கு முதல்நாள் இரவு, சூடு கூடப்போகிறது என்று தெரிந்ததும், தொடங்கும் நேரத்தை 7 மணியில் இருந்து 6 மணிக்கு முன்தள்ளினார்கள். அதே டோக்கியோவில் ட்ரையத்லன் காலை 6.30க்கு. ஆண்கள் குதிக்கும்போது ஒரு படகு குறுக்கே நின்று பாதிப் பேரால் குதிக்க முடியாமல் போனது வேடிக்கையான கதை. உடனே எல்லோரையும் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி தொடங்கினார்கள். ஒலிம்பிக்கிலேயே படகு குறுக்கே நிற்கிறது, எங்கள் ஊரில் விருந்தினரின் வாகனம் நின்றால் என்ன என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.

சித்திரைக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் என்று ஒவ்வொரு வருடமும் வானொலியில் ஊர் ஊராகப் பெயர் சொல்லி வாசிப்பார்கள். அந்தக் கிழமையைத் தேடிப் பிடித்து, அதிலும் 8.30ஐ எடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது குளம். ஓட்டத்தில் விழுந்தால் பக்கத்து வீட்டுத் தொட்டியாவது கிடைக்கும். தண்ணீருக்குள் என்ன கிடைக்கும்? அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன் போட்டிகளின்போது நேர்ந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்றுபோன சம்பவங்களையும் ஆராய்ந்தபோது, 135 பேரில் 90 பேருக்கு அது நீச்சலின்போதே நேர்ந்தது. அங்கே படகு, மீட்பர், மிதவை எல்லாம் இருந்தும் அந்தக் கணக்கு. உங்கள் அறிவித்தலில் நீச்சலுக்கான பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: "நீச்சல் தெரிந்தவர்கள் மாத்திரம் விண்ணப்பிக்கவும்."

வன்னிக் குளத்தை நீச்சல் தடாகமாக நினைக்காதீர்கள். பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடும் காலம் சித்திரை. துருசு, அதாவது குளத்து மதகு, திறந்திருந்தால் அதன் வாயடியில் இழுவை எப்படியிருக்கும் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் கலங்கல், அரை மீற்றர் ஆழத்தில் கையை நீட்டினால் விரல் தெரியாது. காட்டை மூடி நிற்கும் குளம் என்பதால் அடியில் பட்ட மரக் கட்டைகள் குத்தி நிற்கும். நன்னீர் மீன்பிடிக்காரர் இரவில் போட்ட வலை விடிந்த பிறகும் கிடக்கும். ஒருமுறை எனக்குக் கால் மாட்டி, அதை எடுத்துவிட்டது மீன்பிடிக்கார அண்ணா ஒருவர்தான், திட்டித் தீர்த்தபடி. முதலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எங்கள் குளத்தில் நீந்துவதானால் அலைகரையின் ஒரு குறிப்பிட்ட துண்டில் மட்டும், கரையில் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, வெளிச்சம் வந்த பிறகுதான். 750 மீற்றருக்கு ஐம்பது பேர் ஒன்றாகக் குதித்தால் முதல் நூறு மீற்றர் முழுக்க உதையும் முழங்கையும்தான். திறந்த நீரில் பழகாத பிள்ளைக்கு அந்த நெரிசலில் மூச்சுத் திணறிவிடும். அதைக் கரையில் இருந்து பார்த்தால் கை அசைப்பதாகத்தான் தெரியும்.

பாரிஸில் 2024 இல், செய்ன் ஆற்றுத் தண்ணீர் மழையால் அழுக்காகிவிட்டது என்று ஆண்கள் ட்ரையத்லனை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த போட்டி. ஒரு நாள் தள்ளினால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

சைக்கிளுக்குக் குறித்திருக்கும் வீதி நல்ல காபெட் வீதி. அதுதான் பயம். நல்ல வீதி என்பதால் டிப்பர்களும் அதில் பறக்கின்றன. சைக்கிளில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி ஓடினால் பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம், அதனால் கூட்டமாகத்தான் ஓடுவார்கள். முன்னால் ஒருவர் தடுமாறினால் பின்னால் ஐந்து பேர் விழுவார்கள். அந்தக் கூட்டத்தை மணல் டிப்பர் ஒன்று 80 கிலோமீற்றர் வேகத்தில் முந்தினால் அது இழுக்கும் காற்றே போதும். விடியும் நேரத்தில் கட்டாக்காலி மாடுகள் தாரின் சூட்டுக்கு வீதியிலேயே படுத்திருக்கும். கறுத்த மாடு, கறுத்த தார். ஆவணி ஓட்டத்தில் வீதியை மூடவில்லை. "வாகனக்காரர் பார்த்துப் போவினம்" என்றீர்கள். விருந்தினர் வரும்போது மட்டும் பொலிஸார் பத்து நிமிடம் வீதியை மறித்தார்கள். மறிக்க முடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெண்களுக்கான பரிசு பற்றியும் ஒரு வார்த்தை. ஆவணியில் ஆண்களுக்கு 21 கிலோமீற்றர், எங்களுக்கு 10. தூரம் பாதியாம், அதனால் முதல் பரிசும் பாதியாம். தூரத்தைக் குறைத்தது யார்? நாங்களா? 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடியதும், பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று 1960 வரை அந்த ஓட்டத்தையே தூக்கி வைத்தார்கள். அந்தக் காலத்து யோசனை இன்னும் உங்கள் கோப்பில் கிடக்கிறது. ட்ரையத்லனுக்கு இந்த நோய் இல்லை: 1989 இல் பிரான்ஸின் அவிஞ்ஞோனில் நடந்த முதல் உலகப் போட்டியில் இருந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம், ஒரே பரிசு. சித்திரை அறிவித்தலில் தூரம் ஒன்றுதான், பரிசு மட்டும் இன்னும் பாதி. 2023 இல் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டிய பிறகு பிலிப்பைன்ஸுக்குப் போய் ஓடித் தங்கம் கொண்டு வந்தபோது நாமெல்லாம் சேர்ந்துதானே கொண்டாடினோம்.

இன்னொன்று, எழுதாமல் விட மனம் வரவில்லை. ஆவணி மேடையில் கால் இழந்த நான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அதில் ஒருவர் என்னோடு சைக்கிள் ஓடுபவர், ஒரு காலால் மிதித்து என்னை இரண்டு தடவை முந்தியவர். அவருக்குப் போட்டியில் ஒரு பிரிவு இல்லை. 2016 ரியோவில் இருந்து பராலிம்பிக்கில் ட்ரையத்லன் இருக்கிறது. வன்னியில் இந்தப் பிரிவுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

போட்டியை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. 2018 இல் கொழும்பில் முதன்முதலாக அயன்மேன் 70.3 நடந்தபோது, கடலில் 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, அதற்கு மேல் 21.1 கிலோமீற்றர் ஓடுபவர்களைப் பார்க்கவென்றே இரவு பஸ் ஏறிப் போனேன். இப்படி ஒன்று எங்கள் குளக்கட்டில் நடந்தால் எப்படியிருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் அதை நடத்த முன்வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கேட்பவை இவை. போட்டியைக் காலை 6 மணிக்குத் தொடங்குங்கள், வெளிச்சம் வந்துவிடும். விளக்கும் உரையும் நடனமும் பரிசளிப்போடு 9 மணிக்கு வைக்கலாம், விருந்தினர் ஆறுதலாக வரட்டும். 6.15 தாண்டியும் தொடங்க முடியாவிட்டால் அன்று போட்டி இல்லை என்று இப்போதே எழுதிப் போடுங்கள். நாளையும் ஆனி ஆடிக்கோ, முடிந்தால் மாரி கழிந்த தை மாசிக்கோ மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாசியில் குளமும் நிறைந்திருக்கும், விடியலும் குளிராக இருக்கும். சித்திரையில்தான் என்றால் 6 மணி இன்னும் கட்டாயம்.

முடிவுக் கோட்டிலும் ஓட்டப் பாதையின் நடுவிலும் ஆள் படுக்கக்கூடிய பெரிய தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்று, பக்கத்தில் ஐஸ், அதைப் பாவிக்கத் தெரிந்த இரண்டு பேர். ஐஸுக்குக் காசு இல்லையென்றால் சொல்லுங்கள், நான் சேர்த்துத் தருகிறேன். ஒவ்வொரு இரண்டு கிலோமீற்றருக்கும் தண்ணீர், வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சீனியும் கலந்ததும் வேண்டும். அம்புலன்ஸ் மேடைக்குப் பின்னால் நிற்கக் கூடாது, பாதையில் நிற்க வேண்டும், முன்னால் எந்த வாகனமும் நிறுத்தப்படக் கூடாது.

குளத்துக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் எழுத்தில் கேட்டு, போட்டிக்கு முதல்நாள் இரவில் இருந்து துருசை மூடி வையுங்கள். நன்னீர் மீன்பிடிச் சங்கத்தோடு பேசி வலைகளை எடுக்கச் சொல்லுங்கள், அவர்களுடைய வள்ளங்களையே கூலிக்கு எடுத்து மீட்பர்களை அதில் இருத்துங்கள். குளத்தை அவர்களை விடத் தெரிந்தவர் இல்லை. பாதை ஓடும் துண்டை இரண்டு நாள் முதலே ஆள் இறக்கிக் கட்டை பார்க்க வேண்டும். முதலை நடமாட்டத்தை வனஜீவராசிகள் திணைக்களத்தினர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் நீச்சலை விட்டுவிட்டு ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம் என்று டுவாத்லனாக வையுங்கள், அதுவும் முழுமையான போட்டிதான். ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு மாதம் முன்பே உங்கள் முன்னிலையில் திறந்த நீரில் 750 மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும்.

வீதியை 6 மணியில் இருந்து 8 மணி வரை மூடுங்கள், இரண்டு மணித்தியாலம்தான். பரிசைச் சமமாக்குங்கள். உடல் குறை உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள்.

கடைசியாக, விண்ணப்பப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் அந்த வரி: "போட்டியின்போது ஏற்படும் எந்தவொரு பாதிப்புக்கும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல." அதை எடுத்துவிட்டு, யார் பொறுப்பு என்று ஒரு பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என் படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் போடவில்லை. ஆவணியில் விழுந்த அந்தப் பிள்ளையும் படிவம் வாங்கிப் போயிருக்கிறாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டி, "வைக்கட்டோ பிள்ளை?" என்று அவளுடைய அம்மா என்னிடம் கேட்டார். உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆவணிப் பட்டியலில் இடைவிலகிய ஓட்டக்காரி